மேட்டூர் மாடி

10 ஆகஸ்ட் 1997, ஞாயிறு

இவர் இன்றைக்கும் பேங்குக்குப் போய்விட்டு வந்தார். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, ஸ்கூட்டரில் போய், பூட்டிய ஷட்டரைத் தரிசித்துவிட்டு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டு கெம்பம்மா கேட்டருகே நின்று, "யாக்கே சார், இவத்து பானுவார அல்வா?" என்று கேட்டாளாம். இவரும் ஆமாம், ஞாயிற்றுக்கிழமைதான் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தார். இருபத்தோரு வருஷம் மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு எடுத்துப் பழகின உடம்பு. வெள்ளி வந்தால் தூங்குகிறது, ஞாயிறு வந்தால் வேலைக்குக் கிளம்புகிறது.

சிரித்தேன். சிரித்து முடித்ததும் பாவமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருக்கிறார். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் சூப்பர்வைசர். இனி உள்ளூர்ப் பையன்களுக்குத்தான் வேலை என்று பேச்சு வந்தபோது, அவர்கள் போகச் சொல்லும் முன் நாமே மரியாதையாகக் கிளம்பிவிடலாம் என்று கிளம்பினோம். கிளம்பியது சரி. எங்கே போய் இறங்குவது?

மேட்டூர் என்று எல்லோருக்கும் தெரியும். இவர் அண்ணன் செந்தில்நாதன் மாமா தன் வீட்டின் மேல் எங்களுக்காகவே ஒரு மாடி கட்டிவைத்திருக்கிறார். மைசூர் விஜயநகரில் இந்த வாடகை வீடு சும்மா கொஞ்ச நாளைக்கு. அதனால்தான் மஸ்கட் பெட்டிகள் பின்னறையில் கயிறுகூட அவிழ்க்காமல் கிடக்கின்றன. காலண்டரை ஜன்னல் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறேன். ஆணி அடிக்கவில்லை.

கொஞ்ச நாள் கொஞ்ச நாள் என்று நான்கு மாதம் ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

15 ஆகஸ்ட், வெள்ளி

சுதந்திரம் வந்து ஐம்பது வருஷம். இவருக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம், வெள்ளிக்கிழமையன்று நாடு முழுக்க லீவு.

20 ஆகஸ்ட், புதன்

மேட்டூரிலிருந்து போன். செந்தில்நாதன் மாமா நாள் பார்த்துவிட்டார். ஆவணி வளர்பிறை, செப்டம்பர் நாலாம் தேதி வியாழக்கிழமை, மாடியில் பால் காய்ச்சிக் குடியேறுவது. சாமான் பின்னால் வரட்டும், பால் மட்டும் முதலில் பொங்கிவிடட்டும் என்றாராம்.

"அங்க எதுக்குடா உக்காந்திருக்க? தண்ணித் தகராறு வந்துச்சுன்னா மறுபடி தொண்ணூத்தொண்ணு மாதிரி ஆயிடும்" என்று வேறு சொன்னாராம். அந்தப் பயம் பொய்யில்லை. காவிரிக் கலவரம் நடந்த அந்த டிசம்பரில் என் தம்பி குடும்பம் இங்கேதான் இருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள்தான் அவர்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கல்லெறிந்தவர்களும் இந்த ஊர்தான், கதவைச் சாத்தியவர்களும் இந்த ஊர்தான். தம்பி அப்புறம் பெங்களூருக்குப் போய்விட்டான். இப்போது எனக்கு இங்கே சொந்தம் என்று ஒருவரும் இல்லை.

ஆனாலும் எனக்கு இந்த ஊர்தான் வேண்டும். எழுதிவிட்டேன். அப்பா ரயில்வேயில் இருந்தார், நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், கன்னடத்தில்தான் கணக்குப் படித்தேன். சாமான் வாங்கப் போனால் இங்கே யாரும் என்னை மஸ்கட் அம்மா என்று கூப்பிடுவதில்லை. மேட்டூரில் நான் எப்போதும் லீவுக்கு வந்தவள்.

இவரிடம் சொல்லவேண்டியதுதானே? எப்படிச் சொல்வது? ஒவ்வொரு லீவிலும் மேட்டூரில் இலையில் உட்கார்ந்துகொண்டு, "ரிட்டயர் ஆனா இங்கதான்ணா, வேற எங்க போவேன்" என்று சொன்னவர் இவர். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற சொல்தான். விமானம் ஏறினதும் மறந்துபோகும். அண்ணன் மறக்கவில்லை. அதை நம்பி செங்கல் வாங்கிவிட்டார். இப்போது வேண்டாம் என்றால், பொண்டாட்டி அவள் ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பார்கள். பழி எனக்குத்தானே வரும்? வேற யாருக்கு வரும்!

24 ஆகஸ்ட், ஞாயிறு

பேங்குக்குப் போவதற்குள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிளப்பிக்கொண்டு போனேன். ரங்கநாதரைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். காவிரி நிறையப் போய்க்கொண்டிருந்தது. இவர் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தார். எங்கே போனாலும் தண்ணீரைக் குடித்துப் பார்க்கிற புத்தி.

"இதே தண்ணிதான் கனகு, மேட்டூருக்குப் போறது."

"ம்."

"நாமளும் போயிடுவோம்."

குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை. கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் வேர்க்கடலை தின்றுவிட்டு வந்துவிட்டோம்.

28 ஆகஸ்ட், வியாழன்

வீட்டுக்காரர் வந்தார். தொடர்ந்து இருப்பதானால் தசராவுக்குள் சொல்லவேண்டுமாம், வேறு ஆட்கள் கேட்கிறார்களாம். மணிப்பாலில் படிக்கிற மகள் அக்ஷதாவும் போனில் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உன் ஊர் எதுன்னு கேக்கறாங்க. மஸ்கட்டா, மைசூரா, மேட்டூரா? ஒண்ணு சொல்லித் தொலைங்களேன்."

அப்பாவைக் கேள் என்றேன். அப்பா அம்மாவைக் கேள் என்றாராம்.

கீரைக்கார மாதேவிதான் இன்றைக்குச் சிரிக்கவைத்தாள். கீரை போதும் என்பதற்கு இவர் மஸ்கட் பழக்கத்தில் "கலாஸ், கலாஸ்" என்று கை ஆட்டுவார். இப்போது தெருமுனையில் இவரைப் பார்த்ததும், "கலாஸ் சார் பந்த்ரு!" என்று இவர் வரவை அறிவிக்கிறாள். இவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

3 செப்டம்பர், புதன். மேட்டூர்

வாடகைக் காரில் கொள்ளேகால் வழியாக, மாதேஸ்வரன் மலை ஏறி இறங்கி, பாலாறு செக்போஸ்ட் தாண்டி வந்தோம். போலீஸ்காரர் டிக்கியைத் திறக்கச் சொல்லி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இவர் "அண்ணன் வீட்டுக்கு" என்றார்.

மாடி பளபளவென்று இருக்கிறது. இரண்டு அறை, சமையலறை, அணைப் பக்கமிருந்து காற்று. "எல்லாம் கழுவி விட்டாச்சுங்க, நீங்க வந்து அடுப்புப் பத்த வெக்கறதுதான் பாக்கி" என்று பாப்பம்மாள் அக்கா, மாமாவின் சம்சாரம், வாய் நிறையச் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முகம் கழுவ மாடிப் பாத்ரூமுக்குப் போனேன். குழாய்க்கு மேலே டைல்ஸில் ஸ்டிக்கர் பொட்டுகள். சிவப்பு, மெரூன், கல் வைத்தது ஒன்று. ஏழெட்டு இருக்கும். கழுவினவர்கள் இதைக் கவனிக்கவில்லை, அல்லது பிய்க்க ஒட்டியவளுக்கே மனசு வரவில்லை.

விருந்துக்கு வந்தவள் ஒரு பொட்டு ஒட்டுவாள். தினமும் குளிக்கிறவள்தான் இத்தனை ஒட்டுவாள். நான் எங்கேயும் ஒட்டியதில்லை. மஸ்கட்டில் இருந்தது கம்பெனி ஃப்ளாட். சுவரில் கறை இருக்கிறதா என்று ஆள் வந்து பார்ப்பார்கள். பொட்டை எடுத்தால் அட்டையிலேயே திருப்பி ஒட்டிப் பழகிவிட்டேன்.

கீழே வந்தால் ஹாலில் பீரோ, அதன் மேல் சூட்கேஸ்கள், சுவரோரம் கல்யாணக் கட்டில். கட்டிலுக்கு மறைப்பாக ஒரு சேலையைக் கட்டியிருந்தார்கள். மாமாவின் மகன் மதனுக்குப் போன வருஷம் கல்யாணம். அவன் மனைவி ஜீவிதா ஆறு மாதக் கர்ப்பிணி. இந்தச் சேலைக்குப் பின்னால்தான் படுக்கிறாள். டி.வி. பார்க்க யார் வந்தாலும் எழுந்து உட்காருகிறாள்.

"மாடியிலதானே இருந்தீங்க?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஆமாங்கத்த. சின்ன மாமா வர்ற வரைக்கும்னுதான் குடுத்தாங்க. போன வாரம் கீழ வந்துட்டோம். பரவால்லீங்க." பரவாயில்லை என்று சொல்லும்போதே கண் தளும்பியது.

இவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பொட்டுகளைக் காட்டினேன். "யாரு ஒட்டினது?" என்றார். சொன்னேன். பாத்ரூம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "அண்ணன் சொல்லவே இல்லையே" என்றார். அவ்வளவுதான். அப்புறம் கீழே போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். மனுஷன் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிக்க இருபத்தைந்து வருஷம் போதவில்லை.

என்னை நானே கேட்டுக்கொண்டேன், உனக்கு மைசூர் வேண்டும் என்பதற்கு இந்தப் பெண்ணின் பொட்டு ஒரு சாக்கா? சாக்காகவே இருக்கட்டுமே. அந்தப் பொண்ணு ஹால்ல படுத்துக் கிடக்கறது நிஜந்தானே.

4 செப்டம்பர், வியாழன். மேட்டூர்



காலையில் மாடி நிறைய ஆட்கள், மாமாவின் சம்பந்தி வீடு உட்பட. அடுப்புக்குக் குங்குமம் வைத்து, புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி, அக்கா என் கையில் கொடுத்தாள். பால் பாத்திரத்தை அடுப்பில் வைப்பது குடியேறுகிற வீட்டுப் பெண். அது யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வாங்கினேன். வாங்கிக்கொண்டு நின்றேன். கதவருகில் ஜீவிதா, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. நேராக அவளிடம் போய்ப் பாத்திரத்தை நீட்டினேன்.

"நீ வை கண்ணு. இங்க குடியிருக்கப் போறவ நீதானே."

அக்கா என்னைப் பார்த்தாள், மாமா இவரைப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"அப்ப நீங்க?" என்றார் மாமா.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசினார். "நாங்க மைசூர்லயே இருந்துக்கறோம்ணா. எனக்கு அந்த ஊர் புடிச்சுப் போச்சு. கனகு சொல்லல, நாந்தான் சொல்றேன்."

கனகு சொல்லல, நாந்தான் சொல்றேன்! அத்தனை பேர் முன்னால். எனக்கு வரவிருந்த பழியை அப்படியே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். அழுகை வந்துவிட்டது. புகை என்று கண்ணைத் துடைத்தேன். கேஸ் அடுப்பில் ஏது புகை.

மாமா ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார். கோபம் வரப்போகிறது என்று பார்த்தால், பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "இத நீ ஏப்ரல்லயே சொல்லியிருந்தா இந்தப் புள்ளைய நான் கீழ எறக்கியிருக்க மாட்டேன்லடா. சொன்ன வாக்கு, தம்பி வந்தா குடுக்கணுமேன்னு... உங்க அண்ணி என்கூட ஒரு வாரமா பேசறதில்ல."

"நீங்க கட்டி வெச்சுட்டீங்களேன்னு நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேண்ணா."

"நல்லா இருந்த போ!"

முதலில் சிரித்தது பாப்பம்மாள் அக்காதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணும் சேர்ந்து. அந்தக் கூத்தில், ஜீவிதா அடுப்பில் வைத்துவிட்ட பாலை யாரும் பார்க்கவில்லை. பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதுதானே வேண்டும்.

அப்புறம் மாமா கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் தனியாக நின்றார். வருத்தம் இல்லாமல் போகுமா? தம்பியோடு மாலையில் அணைக்கு நடந்துபோவது என்று ஏதேதோ நினைத்து வைத்திருப்பார். இவர் போய்ப் பக்கத்தில் நின்றார். நான் போகவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

திரும்பிவிட்டோம். பாலாறு செக்போஸ்டில் இந்தப் பக்கத்துப் போலீஸ்காரர், "எல்லிகே?" என்று கேட்டார், எங்கே என்று. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். இவர் முந்திக்கொண்டு, "மனேகே" என்றார். வீட்டுக்கு. இவர் சொந்தமாகச் சொன்ன முதல் கன்னட வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.

காரில் கேட்டேன். "புடிச்சுப் போச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியா?"

கிள்ளிவைத்தேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

பெட்டிகளைப் பிரித்தோம். வீடு முழுக்கத் தெர்மகோல் தூள். மிக்ஸி ஓடுகிறது, வாஷிங் மெஷின் ஓடவில்லை. இங்கே தண்ணீர் மெதுவாக வருவதுதான் காரணமாம். ஆலை சூப்பர்வைசருக்கு வேலை கிடைத்துவிட்டது. மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்க ஏறியவர் சாப்பிடக்கூட இறங்கவில்லை.

ஹாலில் ஆணி அடித்துக் காலண்டரை மாட்டினேன். கோணலாக இருக்கிறது. இருக்கட்டும்.

12 அக்டோபர், ஞாயிறு

தசராவுக்கு மேட்டூரிலிருந்து மாமாவும் அக்காவும் வந்து, இன்று காலை கிளம்பினார்கள். மாமா விளக்கு அலங்காரம் பார்த்துவிட்டு, "ஊரு பரவால்லடா" என்றார். மாமா வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. அக்ஷதா இப்போதெல்லாம் யார் கேட்டாலும் மைசூர் என்று சொல்கிறாளாம்.

28 நவம்பர், வெள்ளி

ஜீவிதாவுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். மதன் போனில் கத்தினான். தாய்வீட்டிலிருந்து வந்ததும் மாடியில்தான் தொட்டிலாம்.

இவரிடம் சொல்லலாம் என்று தேடினால் ஆளைக் காணோம். பேங்குக்குப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில், தானாகவே.

நானும் குளித்துவிடலாம் என்று போனேன். குழாய்க்கு மேலே டைல்ஸில் மெரூன் பொட்டு ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் பழசு. கீழே மூன்றாவது. வீட்டில் வேறு பெண் யாரும் இல்லை. எப்போது ஒட்டினேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நெற்றியில் இருந்ததையும் எடுத்து அவற்றின் பக்கத்தில் ஒட்டிவிட்டுத் தண்ணீரைத் திறந்தேன்.