பொத்தான் வைத்த சக்களத்தி

என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். என் சக்களத்தி எப்படி இருக்கிறாள்? உங்கள் கம்பெனி செய்கிற வீடியோ கேம் பெட்டியைத்தான் கேட்கிறேன். விற்பனையே இல்லை, கம்பெனியை மூடினாலும் மூடுவார்கள் என்று டிவியில் சொன்னார்கள். கூட இருந்தவர்கள் எல்லாம் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் அவளை விட்டு வரமாட்டேன் என்கிறீர்கள்.

போன லீவில் வந்தபோதும் தூக்கத்தில் என் கையைப் பிடித்து, கம்பெனியில் செய்வதுபோலவே கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பொத்தான் சோதித்தீர்கள். என் கை என்று தெரிந்து பிடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அவள் ஒழியட்டும் என்றுதான் இருந்தேன். நேற்று கடையில் அவளை ஒரு மூலையில் தூசி படியப் போட்டிருந்தார்கள். "அத விடுங்கக்கா, யாரும் சீண்டமாட்டாங்க" என்றார் கடைக்காரர். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு பொத்தானா அமுக்கிப் பாத்து அனுப்புனது. முதல்ல தூசியத் தொடைங்க."

அவர் சிரித்தார். நானே என் கையால் துடைத்து, முன்வரிசையில் வைத்துவிட்டு வந்தேன். அவளைத் திட்ட எனக்கு மட்டும்தான் உரிமை.

கம்பெனி மூடினால் வாசலில் நின்று அழாமல் வந்துவிடுங்கள். அமுக்க என் கை இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மூத்தாள்