நாற்காலிமேல் இருந்த பை

பிப்ரவரி 3

கண்காட்சிக்கு மூன்று வாரம்கூட இல்லை. சோப்புகள் காய்ந்துவிட்டன, காகிதம் சுற்ற வேண்டியதுதான் பாக்கி. பழைய திரைச்சீலைகளில் தைத்த விளக்குக் கூடுகள் நான் நினைத்ததைவிட அழகாக வந்திருக்கின்றன. ஆனால் கடையின் நடுவே தொங்கவிட, போகிறவர்களை நிற்க வைக்கிற மாதிரி ஒரு பொருள் இல்லை. கூட்டாளி நாளுக்கு நாலு தரம் அதையே சொல்லிக் காதைக் குடைகிறாள். நான் வடிவமைப்பேன், அவள் தைப்பாள். புதுத்துணி வாங்குவதில்லை என்பது நாங்கள் பட்டறை தொடங்கிய அன்று செய்துகொண்ட சத்தியம்.

என் வீட்டுக்காரருக்கு எல்லாமே கேலி. காலையில் குளியலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: "பல் தேய்க்க மூங்கில், முதுகு தேய்க்கப் பீர்க்கங்கூடு. இந்த வீட்டுல மக்காத சாமான் இனி நான் ஒருத்தன்தான்."

அக்கா போன் செய்தாள். பழைய போர்வை, திரையெல்லாம் ஒதுக்கி வைத்திருக்கிறாளாம். "கட்டில்மேல கட்டி வச்சிருக்கேன். நான் வேலை முடிஞ்சு வர நேரமாகும். சாவிதான் உன்கிட்ட இருக்கே, வந்து எடுத்துக்கோ." அத்தான் தவறிப்போன பிறகு அவள் வீட்டைத் தொட்டதே இல்லை. இப்போதாவது ஒதுக்க மனம் வந்ததே என்று சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 5

அக்கா வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். கட்டில்மேல் இரண்டு மூட்டை. பக்கத்தில் அத்தானின் நாற்காலி, அதன்மேல் வாய் கட்டிய ஒரு துணிப்பை. அவிழ்த்தேன். அத்தானின் சட்டைகள். அந்த நீலக் கட்டம், மணல் நிறம், ஒரு வெள்ளை... எல்லாம் நயமான பருத்தி. போட்டுப் போட்டுப் பட்டுப் போல ஆன துணி. இந்த மாதிரித் துணி இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது.

இதுவும் சேர்த்துத்தானா என்று அக்காவிடம் கேட்கப் போனை எடுத்தேன். வேண்டாம், வேலை நேரத்தில் அத்தான் பேச்சை எடுத்தால் அழுதுவிடுவாள் என்று உள்ளே வைத்துவிட்டேன். மூட்டைகளோடு பையையும் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6

பட்டறைக்குள் வரும் எந்தத் துணியும் முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொதித்து, வெயிலில் காய்ந்தால்தான் மேசைக்கு வரலாம். அதுதான் எங்கள் முதல் விதி. கூட்டாளி சட்டைகளை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். "ஆம்பளை வேர்வை. ஒரு தரம் கொதிச்சா போகாது." இரண்டு தரம் கொதிக்க வைத்தோம்.

பிப்ரவரி 11

வெட்டியாகிவிட்டது. முழங்கால்வரை நீளும் ஒரு மேலங்கி. நீலமும் மணலும் பட்டை பட்டையாக, காலர்களைத் திருப்பி ஓரமாக வைத்து. ஒரு பாக்கெட்டின் அடியில் பேனா மை கசிந்த கறை இருந்தது. வெட்டி எறியலாம் என்றாள் கூட்டாளி. நான் அதையே மார்புக்கு நேராக வைக்கச் சொன்னேன். கறை இல்லை அது, அதுதான் அழகு. வெள்ளைச் சட்டை இந்த நிறங்களோடு ஒட்டவில்லை, அப்படியே ஒதுக்கிவிட்டேன்.

பொருளோடு தொங்கும் அட்டையில் எழுதியது: "ஒருவர் ஆசையாக அணிந்தவை. இனி உங்களுடையவை."

எனக்கே கண் கலங்கியது. நல்ல வரி.

பிப்ரவரி 22

கண்காட்சி! நின்று நின்று கால் வீங்கிவிட்டது. மேலங்கியைச் சுற்றி எந்நேரமும் ஆள். வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்கிற ஒரு அம்மா போட்டுப் பார்த்தார், கழற்றவே இல்லை, போட்டபடியே வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடிக் கடைக்காரி ஒருத்தி தன் கடையில் வைத்து விற்க இதே மாதிரி பத்து வேண்டும் என்றாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். பத்துக்கு எங்கே போவேன்?

அந்த அம்மா அங்கியோடு நிற்கும் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். எல்லோரும் கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளுகிறார்கள். அக்கா ஒன்றும் அனுப்பவில்லை. பார்த்திருக்க மாட்டாள்.

பிப்ரவரி 23

பார்த்திருக்கிறாள்.

காலையில் போன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அந்த மைக்கறை பாக்கெட்... அது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

நீதானே அக்கா எடுத்துக்கச் சொன்னே என்றேன். "கட்டில்மேலன்னுதானே சொன்னேன். அது நாற்காலியில இருந்துச்சு." பிறகு, "ரெண்டு வாரமா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடுறேன்டி. எங்க வச்சேன்னு ஞாபகம் இல்லாம, எனக்குத்தான் மூளை கலங்கிடுச்சோன்னு பயந்துட்டேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

அப்புறம் அவள் கேட்டது ஒரே கேள்விதான். வெட்டினாயா என்று கேட்கவில்லை. விற்றாயா என்று கேட்கவில்லை.

"துவைச்சிட்டியா?"

அக்கா என்று இழுத்தேன். வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 24

அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் போட்டுக் கழற்றியவை. அவள் துவைக்காமல் எடுத்துக் கட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பையின் வாய் அத்தனை இறுக்கமாகக் கட்டியிருந்தது வேறு எதற்காம்? நகம் உடைய அவிழ்த்தேனே, அப்போது உறைக்கவில்லையா எனக்கு?

உறைத்தது. இதையாவது இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். அக்கா அழுவாள் என்று நான் போனை உள்ளே வைக்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துதான் வைத்தேன். துணி அவ்வளவு பிடித்துப் போயிற்று எனக்கு. திருடி என்று சொன்னால் சின்ன வார்த்தை. திருடியவள் ஒளித்தாவது வைப்பாள், நான் நடுவில் தொங்கவிட்டேன். படம் எடுத்து அவளுக்கே அனுப்பினேன்.

சீ.

ஊரெல்லாம் போய், "எந்தப் பொருளையும் வீணாக்காதீங்க, ஒவ்வொரு துணிக்குள்ளயும் ஒரு வாழ்க்கை இருக்கு"ன்னு மைக் பிடிச்சுப் பேசுறவ நான்தான். அதைக் கொதிக்கிற தண்ணியில போட்டவளும் நான்தான். ரெண்டு தரம்.

இவரிடம் சொன்னேன். ஏதாவது கேலி செய்வார், கொஞ்சம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். அவரோ எழுந்து போய், கொடியில் கிடந்த தன் சட்டைகளை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். வேண்டுமென்றே செய்தாரா, மழை வரும்போல் இருந்ததாலா, கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரி 27

வாங்கிய அம்மாவின் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். அவர் அங்கியைப் போட்டுக்கொண்டே கதவைத் திறந்தார். "எங்க போனாலும் இதைத்தான் கேக்குறாங்க" என்றார். தோள்பட்டைத் தையல் சரியாக விழவில்லை, சரிசெய்து தருகிறேன் என்று வாய் தானாகப் பொய் சொல்லிற்று. பாவம், நம்பிக் கழற்றிக் கொடுத்தார். உங்கள் நேர்மைதான் எனக்குப் பிடித்தது என்று வேறு சொல்லி அனுப்பினார்.

பிப்ரவரி 28

அங்கியையும், வெட்டாத வெள்ளைச் சட்டையையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். அந்த நாற்காலியை விட்டுத் தள்ளி, கட்டிலின் ஓரத்தில்.

அங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மைக்கறையை விரலால் தடவினாள். "நல்லாத்தான் தச்சிருக்கே" என்றாள். அந்தப் பாராட்டுக்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம். பிறகு, வாங்கிய அம்மாவும் கழற்றாமல் விட்டிருந்த, கழுத்தில் தொங்கிய அட்டை கண்ணில் பட்டது. அதை நான் கழற்றியிருக்கக் கூடாதா? நாலு நாளாக நெஞ்சில் அடித்துக்கொண்டவளுக்கு அது தோன்றவில்லை. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"ஒருவர் ஆசையாக அணிந்தவை. இனி..."

மீதியைப் படிக்கவில்லை.

"நான் வேணும்னு பண்ணலக்கா" என்றேன். அப்புறம், அது பொய் என்பதால், "வேணும்னுதான் எடுத்தேன். கேட்டா நீ தர மாட்டேன்னு தெரியும்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு தடவைதான் பார்த்தாள்.

"கேட்டிருந்தா ரெண்டு குடுத்திருப்பேன்" என்றாள்.

அங்கி வேண்டாமாம். "இதை வச்சு நான் என்ன பண்ண? அந்தம்மா ஆசைப்பட்டு வாங்கினது, அவங்களுக்கே குடுத்துடு. அட்டையை மட்டும் கழட்டிடு." வெள்ளைச் சட்டையை வாங்கி முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். "உன் பட்டறை வாசனை" என்று சொல்லிவிட்டு அதை நாற்காலிமேல் போட்டாள்.

சாவியைக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நானே மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 2

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அங்கியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கையில் வைத்திருந்தாரே தவிர, போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கடைக்காரிக்குப் பத்தும் முடியாது என்று சொல்லியாயிற்று.

மார்ச் 19

அக்கா போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 8

பட்டறையில் இப்போது வேறு முதல் விதி. துணி கொடுப்பவர் எதிரில் நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இதுவா, இதுவுமா என்று கேட்காமல் எதையும் தண்ணீரில் போடுவதில்லை. நேற்று ஒருவர் பொறுமை இழந்து, "என்னம்மா, போலீஸ் விசாரணையா?" என்றார். கூட்டாளி சிரித்தாள். அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். வேர்வை நாற்றம் என்று அவள் சொன்னதை மட்டும் நான் நினைவுபடுத்தவில்லை. அவள் என்ன செய்வாள், பாவம்.

ஏப்ரல் 30

அக்கா எடுத்தாள். "நல்லா இருக்கேன். வேலை இருக்கு." அவ்வளவுதான். அதற்கே அரை நாள் தலைகால் புரியவில்லை எனக்கு.

ஜூன் 14

அழைக்காமல் அக்கா வீட்டுக்குப் போனேன். இவர்தான், "கதவைத் தட்டு. திறக்கலன்னா திரும்பி வா. அதுக்கு மேல என்ன ஆயிடும்?" என்று தள்ளிவிட்டார்.

கதவு திறந்தேதான் இருந்தது. அக்கா ஜன்னல் சட்டத்துக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க அந்த நெடி. நெடியில்லாத சுண்ணாம்பு வண்ணம் எங்களிடம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். அப்போதுதான் பார்த்தேன், நைட்டிக்குமேல் அத்தானின் வெள்ளைச் சட்டை. கையை மடித்துவிட்டு, முன்பக்கமெல்லாம் பச்சைத் திட்டுகள்.

நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"என்ன பார்க்குறே? இனி இதைப் பத்திரமா வச்சு என்ன பண்ண? துவைச்ச சட்டைதானே, போட்டுக்க வேண்டியதுதான்."

கோபமா, சமாதானமா? அவள் குரலை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்பது வருடம் கேட்ட குரல். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். பெயிண்ட் காய்வதற்குள் எடுத்தால்தான் துணியிலிருந்து போகும். தொழில் புத்தி, யோசிக்குமுன்னே வாய் முந்திக்கொண்டது.

"குடுக்கா, துவைச்சுத் தரேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். நெடுநேரம் என்னையே பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "இது அழுக்காவே இருக்கட்டும். நீ சும்மா நிக்காதே, அந்த ஜன்னலைப் பிடி."

பிடித்தேன். இருட்டும்வரை அவள் பெயிண்ட் அடித்தாள், நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.