வெள்ளைச்சியை எங்கே கட்டுவது

பழுகாமம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு,

நானும் அப்பாவும் தங்கச்சி விதுசாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொள்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். இன்று காலை எழும்பியதும், முகம்கூடக் கழுவாமல் நான் முதலில் செய்த வேலை, மாட்டுக் கொட்டிலுக்குப் போய் வெள்ளைச்சியின் வலது பின்தொடையைத் தடவிப் பார்த்ததுதான். கன்றாக இருந்தபோது சுட்ட குறி, ஒரு பிறையும் அதன் கீழே இரண்டு கோடும், மயிர் முளைக்காமல் அப்படியே இருக்கிறது. பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு மாடுகளில் பார்த்து வருவதை ஏன் இன்று விடியப் போய்த் தடவிப் பார்த்தேன் என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன். போனில் சொல்லலாம்தானே என்று நினைப்பாய். போனில் கதைத்தால் அப்பா பக்கத்தில் இருப்பார், குரல் பதிவு அனுப்பினால் உனக்கு முதல் விதுசா கேட்டுவிடுவாள். எங்கள் பள்ளிக்கூடத்து ஸஹீதா ரீச்சரின் தம்பி நௌஷாட் வருகிற வியாழன் மெல்பேர்னுக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதை ஒட்டிக் கொடுக்கிறேன்.

போன கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறையோடு கொழும்புக்குப் போய் வந்தோம். விதுசா உனக்குப் படங்கள் அனுப்பியிருப்பாள், எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறோம். ஆனால் அந்தப் பயணம் தொடங்கிய விதமே எனக்குப் பிடிபடவில்லை. உன் அப்பா எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போனது இந்த இருபத்தைந்து வருடத்தில் நாலு தடவை. நாலு தடவையும் பாஸ்போட் கந்தோர் அல்லது கண் டொக்டர், ஸ்ரேசனுக்கு முன்னால் ஒரு சோற்றுப் பார்சல், அடுத்த ரெயினில் வீடு. இருபது வருடமாக வரலாறு படிப்பிக்கிறவள் நான், பாடப்புத்தகத்தில் இருக்கிற பொலன்னறுவைச் சிலைகளை ஒருக்கால் நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்ட நேரமெல்லாம், ‘படத்தில இரிக்கிறதும் அதுதான் புள்ள, நேர போனா மட்டும் எழும்பி ஆடவா போகுது’ என்று சொன்ன மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் பின்னேரம் வயல் வட்டையிலிருந்து வந்து, காலில் சேறு காய முன்னம், கொழும்பு நூதனசாலை பார்ப்போம், ஒரு ஓவியக் கண்காட்சியும் நடக்கிறதாம், நல்ல இடத்தில் சாப்பிட்டும் வருவோம் என்கிறார். விதுசா என் காதுக்குள், ‘அம்மா, அப்பாவுக்கு என்னவோ நோய் கண்டிரிக்கு, சாக முதல் எங்களுக்கு ஊர் காட்டப் பாக்கிறாரு’ என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள், ஆனாலும் அவருடைய மருந்துக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன், புதிதாக ஒன்றுமில்லை. வட்டைக் காணியை விற்கப் போகிறாரோ என்று அலுமாரியில் உறுதிப் பத்திரத்தைத் தேடினேன், அதுவும் வைத்த இடத்திலேயே இருந்தது. புறப்படுகிற அன்று அந்தப் பச்சைப் பட்டுச்சாரியையும் வைத்துக்கொள் என்றார். நாங்கள் சிலைகளைப் பார்க்கத்தான் போகிறோம், சிலைகள் என்னைப் பார்க்கப் போவதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், யாரோ பார்க்கத்தான் போகிறார்கள் என்று.

நூதனசாலையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அழுகை வந்தது. வெண்கலப் பார்வதி படத்தில் பெரிதாகத் தெரிவாள், நேரில் அவ்வளவு உயரமில்லை, ஆனால் இடுப்பை ஒடித்து நிற்கிற அந்த நிற்பில் ஒரு செருக்கு இருக்கிறது, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. விதுசா அதே மாதிரி நின்று படம் எடுக்கப் பார்த்துக் காவலாளியிடம் பேச்சு வாங்கினாள். அந்த அறையிலேயே நாள் முழுக்க நின்றிருப்பேன், அப்பாதான் நிமிடத்துக்கு ஒரு தரம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினொரு மணிக்கு வெளியே பெரிய ஆலமரத்தடிக்கு வந்தால், அங்கே ஒரு குடும்பம். ‘ஆ, சுதாகரன், நீங்களும் இஞ்சயா’ என்று ஒருவர், பாடமாக்கியதை ஒப்புவிக்கிற மாதிரிக் கேட்டார். அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவராம், யோகேஸ்வரன், தேற்றாத்தீவு ஆள், கொழும்பில் வங்கியில் வேலை. மனைவி தக்ஷாயினி கையில் முறுக்கு ரின் ஒன்று. தற்செயலாக நூதனசாலைக்கு வருகிறவர்கள் முறுக்கு ரின்னோடா வருவார்கள்? ரின்னை வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் அவர்களோடு சேர்ந்து ஒரு குளிரூட்டிய சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சோற்றுப் பார்சல் மனிதர் அங்கே நண்டுக் கறி, இறால் பொரியல், வட்டிலப்பம் என்று கை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போகிறார். நண்டு நன்றாகத்தான் இருந்தது, தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் போட்டிருந்தார்கள். தக்ஷாயினி, ‘நம்மட வாவி நண்டு திண்ட வாய்க்கு இதெல்லாம் நண்டா அக்கா’ என்று சொல்லிவிட்டு அதே வாயால் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். நல்ல கலகலப்பான மனுசி, அதை மறைக்கமாட்டேன். அவர்களுடைய மகன் ரதீஸும் மெல்பேர்னில் பொறியியலாளராக இருக்கிறானாம். அப்போது எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது, ஆனாலும் தெரியாத மாதிரி நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தேன். கதையோடு கதையாகத் தக்ஷாயினி, ‘உங்கட மகளுட அறைச் சன்னலால பாத்தா ட்ராம் போறது தெரியுமாமே, சத்தத்துக்குப் புள்ள எப்படித்தான் நித்திர கொள்ளுறாவோ’ என்றார். நீ போன மாதம்தான் அந்த அறைக்கு மாறினாய். அப்பாவுக்கே சன்னலில் என்ன தெரியும் என்று தெரியாது. அந்த மனுசிக்கு யார் சொன்னது, மகள்?

சாப்பிட்டு முடிந்து கண்காட்சிக்குப் போனோம். நம் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வரைந்தவை. உள்ளே போன பிறகுதான் பார்த்தேன், சுவர் முழுக்க மாட்டுக் குறிகள். காவி நிறத்தில், தீய்ந்த தோல் மாதிரி, தாய்வழியாக வருகிற ஒவ்வொரு குடியும் தன் மாடுகளுக்குச் சுடுகிற குறியை ஆள் உயரத்துக்கு வரைந்திருந்தாள். கொழும்புச் சனம் அதை அழகான கோலம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு போனது, எனக்கு ஊர்க் கூட்டத்துக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஆண்கள் இரண்டு பேரும் வாசலில் தேத்தண்ணீரோடு நின்றுவிட்டார்கள். கடைசிச் சுவரில் பிறையும் இரண்டு கோடும் இருந்தது. நான் வாய் திறக்க முதல் தக்ஷாயினி அதன் முன்னால் போய் நின்று, ‘இந்தா இது எங்கட. எங்கட அம்மா ஊட்டு மாடெல்லாத்திலயும் இதுதான் கிடந்த’ என்றார். எங்கள் அம்மா வீட்டு மாடுகளிலும் அதுதான். விதுசா, ‘அம்மா, எங்கட வெள்ளைச்சி’ என்று தொடங்கினாள், அவளுடைய காலை நன்றாக மிதித்தேன். தக்ஷாயினி என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், பிறகு ‘வாங்க அக்கா, மத்தப் பக்கத்தையும் பாப்பம்’ என்று என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். யோசித்துப் பார், நாலு மணித்தியாலம் ஒன்றாக இருந்தும், எந்தக் குடி என்று ஒரு தரமாவது கேட்காத மட்டக்களப்புப் பெண்ணை நீ கண்டிருக்கிறாயா? கேட்காமல் விட்டால் தெரிந்துதான் விட்டிருக்க வேண்டும். அந்தச் சுவருக்கு முன்னால் அவருக்கு வாய் தவறியதா, என்னை ஆழம் பார்த்தாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வருகிற ரெயினில் விதுசா நித்திரையான பிறகு அப்பாவைக் கேட்டேன். ஒளிக்காமல் சொல்லிவிட்டார். உனக்குத்தான் பேசுகிறார்கள், முதலில் நான் ஆட்களைப் பார்த்துப் பழகட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தாராம். குடி பார்த்தீர்களா என்றேன். ‘பாக்காம இரிப்பனா புள்ள, யோகேசு படையாண்ட குடி, நாம உலகிப்போடி குடி, என்ன பிழ’ என்கிறார். கோயில் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடிக்கு என்று கேட்டால் இந்த ஆண்கள் நித்திரையிலும் சொல்வார்கள். தாங்கள் பெற்ற பிள்ளைகள் தங்கள் குடியே இல்லை, தாயின் குடி என்பது மட்டும் கலியாணப் பேச்சில் மறந்துபோகும். ஆளுக்கு ஆள் தங்கள் தங்கள் குடியைச் சொல்லிக் கை குலுக்கியிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்தப் பேச்சை நம் பக்கத்தில் பெண்கள்தான் தொடங்குவார்கள். தக்ஷாயினி என்னிடம் தொடங்கியிருந்தால், இரண்டு பேரும் ஒரே குடி என்று முதல் நிமிடத்திலேயே முடிந்திருக்கும். அப்படியென்றால் இதை ஆண்களிடம் தொடங்க வைத்தது யார்? ஊருக்கு வந்து அன்றைக்கு முழுக்க யோசித்தேன். போன மார்கழியில் ஒரு நாள் நீ போனில் சிரித்துக்கொண்டு, ஒரே குடியில் கட்டினால் என்னம்மா நடக்கும் என்று கேட்டாய். பாடம் கேட்கிறாய் என்று நினைத்து, வகுப்பில் சொல்கிற மாதிரியே சொன்னேன், ஒரே குடியில் பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அண்ணன் தங்கச்சி முறை, கட்டினால் ஊர் ஒத்துக்கொள்ளாது, கோயிலில் அந்தக் குடும்பம் தலை நிமிர்ந்து நிற்க முடியாது என்று. நீ சிரிப்பதை நிறுத்திவிட்டாய், பிறகு மழையைப் பற்றிக் கேட்டாய். இப்போது அந்த மழை எனக்கு விளங்குகிறது. விதுசாவிடமும் விசாரித்தேன், அந்தக் கண்காட்சி விளம்பரத்தை அவளுக்கு அனுப்பியது நீதானாம், அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போ என்றும் எழுதியிருக்கிறாய். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவின் மறதியை நீ முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்கிறாய், தக்ஷாயினியும் உன்னோடு சேர்ந்திருக்கிறார், பெற்ற தாயை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கிறாய் என்று. பிறகு இன்று கொட்டிலில் நிற்கும்போது வேறு விதமாகப் பட்டது. என்னை வெளியே நிறுத்த நினைத்திருந்தால் அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்க மாட்டாய். வாயால் சொல்லப் பயந்ததை எனக்கு மட்டும் காட்டத்தான் அங்கே அனுப்பினாயோ? இதுவும் என் சந்தேகம்தான். சரியா பிழையா என்று நீதான் சொல்ல வேண்டும்.

தங்கராசா மாமா நம் குடியின் சார்பில் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர். இது தெரிய வந்தால் அவர் திருவிழாவில் எந்த முகத்தோடு முன்னால் நிற்பது என்று என்னிடம்தான் வந்து கேட்பார். கூடப் பிறந்தவர், அவரை நினைக்க எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் அவர் ஒரு நாள் கோபத்தில் இருப்பார், நீ ஒரு காலம் முழுக்க இருக்க வேண்டும்.

நௌஷாட் தம்பியிடம் வாகரை முந்திரிப் பருப்பு கொடுத்து விடுகிறேன், வறுத்து ஒட்டியது, விமான நிலையத்தில் கேட்டால் மறைக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். சன்னலைப் பூட்டிக்கொண்டு படு. எங்கள் அம்மன் உனக்கு நல்ல புத்தியையும் நல்ல துணையையும் தந்து காக்கட்டும்.

யோகேஸ்வரன் குடும்பம் ஐப்பசி பிறக்க முதல் நம் வீட்டுக்கு வருகிறார்களாம், தேற்றாத்தீவிலிருந்து சொந்தக்காரரும் கூட வருவார்கள். படலையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வெள்ளைச்சிதான். அந்தப் பையனை உனக்கு வேண்டாம் என்றால், அடுத்த தரம் போன் எடுக்கும்போது மழையைப் பற்றிக் கேள். மாடு நிற்கிற இடத்திலேயே நிற்கும், அந்தக் குறியைப் பார்த்து அவர்களே எழும்பிப் போவார்கள், நீ ஒருவரையும் நோகச் செய்ய வேண்டியதில்லை. வேண்டும் என்றால் வெள்ளைச்சியைப் பற்றிக் கேள். விதைப்புத் தொடங்குகிறது, எல்லோரும் மாடுகளை மேய்ச்சல் தரைக்கு அனுப்புகிற நேரம், வீரகத்தி அண்ணனின் பட்டியோடு அவளையும் முதல் நாளே அனுப்பிவிடுவேன், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். விதுசாவின் வாய்க்கு நான் பொறுப்பு. குடி கேட்டால், அப்பா சொன்னதையே நானும் சொல்வேன். அப்பாவுக்கோ மாமாவுக்கோ இதை நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

உன் அம்மா,
சுலோஜனா