நான் நின்ற பக்கமே நீந்திய எலிகள்

அனுப்புநர்:
எலிக்கூடப் பராமரிப்பாளர் (பத்தொன்பது ஆண்டுப் பணி),
மருந்து ஆய்வு நிலையம், பின்கட்டடம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருந்து ஆய்வு நிலையம்.

பொருள்: மறதி மருந்தின் எலிச் சோதனையில் நான் செய்த தவறு, சோதனையை மறுபடி நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மூளையில் ஒரு நொதியைத் தடுத்து நினைவைக் காக்கும் என்ற மருந்தை நம் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். பால்பொடி கலந்து கலங்கலாக்கிய நீர்த்தொட்டியில் எலியை விடுவோம். நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை அது நினைவில் வைத்து நீந்திப்போய் ஏறவேண்டும். ஏறியதைத் துடைத்துக் கூண்டில் விடுவது என் வேலை.

2. ஆட்கள் திரைக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். மருந்து கொடுக்காத எலிகளைப் பார்த்துக்கொண்டவர் அப்படித்தான் நின்றார். நானோ, பாவம், நடுங்குகிறதே என்று துண்டும் கையுமாகத் தினமும் மேடைப் பக்கமே நின்றேன். மருந்து கொடுத்த என் எலிகள் நேராக வந்து ஏறின. மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

3. இடையில் காய்ச்சலில் மூன்று நாள் நான் வரவில்லை. அந்த மூன்று நாளும் அதே எலிகள் சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்தன. எலிகளுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதி, சோதனையை நடத்தும் ஆய்வாளர் அம்மா அதைத் தள்ளிவிட்டார். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

4. என் மனைவிக்கு மறதி நோய். இந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் மருத்துவமனைச் சோதனையில், காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவளைச் சேர்த்தவன் நானே. மருந்து தொடங்கியதிலிருந்து ஓயாத வாந்தி, ஆள் பாதியாகிவிட்டாள். போன வாரம் மருத்துவமனை நடைகூடத்தில் அவளைத் தனியே நடந்து வாசலைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வாசலில் அவள் சால்வையோடு நான் நின்றிருந்தேன். நேராக வந்தாள். மருத்துவர் 'முன்னேற்றம்' என்று குறித்தார். அப்போதுதான் ஐயா எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

5. மறுநாளே ஆய்வாளர் அம்மாவிடம் சொன்னேன். "அண்ணே, அறிக்கையெல்லாம் அச்சுக்குப் போயாச்சு. நீங்க எலியத் தொடைக்கிற வேலைய மட்டும் பாருங்க" என்றார்.

6. ஆகவே, எலிச் சோதனையை நான் இல்லாமல் மறுபடி நடத்தவேண்டும். என் மனைவியையும் நான் இல்லாமல் சோதிக்கும்படி மருத்துவமனைக்குத் தாங்கள் எழுதவேண்டும். என்னை வேலையைவிட்டு எடுத்தாலும் சரி. முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியும். வேறு மருந்து இல்லை என்பதும் தெரியும். மருந்தை நிறுத்தினால், வாந்தியில்லாமல் ஒரு வாய் சாப்பிடவாவது செய்வாள்.

நேரில் வந்து தராததற்கு மன்னிக்கவும். விடுப்பில் இருக்கிறேன். நான் கண்ணில் படாவிட்டால் அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறாள்.

இடம்: வீடு
நாள்: பதினான்காம் தேதி, வியாழன்

தங்கள் பணியாளன்,
(கையொப்பம்)
எலிக்கூடப் பராமரிப்பாளர்