என் குழம்பில் விழுந்த உப்பு

மே 6, புதன்
கச்சான் காற்று. முற்றம் முழுக்கத் தூசு. காலையில் கிளினிக். பிறஷர் மறுபடியும் கூடியிருக்கிறது. குளிசை ஒழுங்காகப் போடுகிறேன் என்றேன். தாதி விடவில்லை. "ஒரு நாளைக்கு ஒரு சின்னத் தேக்கரண்டி உப்புக்கு மேல வேண்டாம் அம்மா. கருவாடு, ஊறுகாய், சூப் கட்டியில இருக்கிறதும் அதுக்குள்ளதான்."

அம்மா போனது பக்கவாதத்தில். வாய் கோணி, ஒரு சொல்லும் வெளியே வராமல். நான் அப்படிக் கிடக்க மாட்டேன்.

மே 8, வெள்ளி
இவர் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து ஒரு வாய் வைத்தார். சோற்றுக் கோப்பையைத் தள்ளினார். "இதென்ன, ஆஸ்பத்திரிச் சோறோ?"

"மேசையில உப்பு இருக்கு. உங்கட கோப்பையில போடுங்கோ."

"கறியோட கொதிக்காத உப்பு என்ன உப்பு?"

போடவில்லை. முறைப்பு.

உப்புக்குப் பதிலாக மிளகு, புளிப்புக்குத் தேசிக்காய் வாங்க வேண்டும்.

மே 10, ஞாயிறு
நேற்றும் குழம்பு கரித்தது. என் நாக்கில்தான் பிழை என்று நினைத்தேன். இன்று துணி காயப்போட்டுவிட்டு வந்தால், குசினியில் இவர். ஒரு கையில் சட்டி மூடி, மற்றக் கையில் உப்பு.

"கொஞ்சந்தான்..."

கத்தவில்லை. சட்டியை அப்படியே தூக்கிப்போய் வாழையடியில் ஊற்றினேன். "நான் விழுந்தால் தூக்கிக் குளிப்பாட்டுறது ஆர்? நீங்களோ?"

மத்தியானம் இருவருக்கும் வாழைப்பழமும் தேநீரும்.

சட்டியை ஊற்ற வைத்தது கோபமா, பயமா, தெரியவில்லை.

மே 17, ஞாயிறு
வெக்கை. இறக்கக்கண்டியில் மச்சாள் வீட்டு விருந்து. இவர் தன் தங்கையிடம் எல்லாம் சொல்லிவிட்டார் போல. சபைக்கு முன்னால் கேட்டாள்: "உப்பில்லாப் பண்டம் குப்பையில எண்டு தெரியாதோ?"

"அப்ப நான் குப்பையிலயே கிடக்கிறன் மச்சாள். உயிரோட."

கணவாய்க் கறியை நான் தொடவில்லை. சோறு, தயிர், வெள்ளரிக்காய். வெட்கப்படவில்லை. சரி, கொஞ்சம் பட்டேன்.

மே 20, புதன்
கிளினிக். இவர்தான் கூட்டிப்போனார், கேளாமலே. எனக்குப் பிறஷர் இறங்கியிருக்கிறது. கொஞ்சந்தான், ஆனாலும். தாதி இவரைப் பார்த்து, "ஐயாவும் ஒருக்கா கையை நீட்டுங்கோ" என்றாள். நீட்டினார். இவருடைய பிறஷர் என்னுடையதை விடக் கூட.

வரும் வழியில் சந்தையடியில் தானே இறங்கிப் பாரை மீன் வாங்கினார்.

புளி, மிளகு, பச்சை மிளகாய். உப்பு ஒரு சிட்டிகை. இறக்கும்போது தேசிப்புளி.

"சப்பெண்டு கிடக்கு."

"ஓம், கிடக்கும். சாப்பிடுங்கோ."

சாப்பிட்டார்.