குதிரையின் பின்னங்கால்

டோக்கியோ
அக்டோபர் 20

அன்புள்ள சயோகோவுக்கு,

நலம். கனசாவாவில் அதற்குள் குளிர் இறங்கியிருக்கும். உன் அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஜனவரி இரண்டாம் தேதி அப்பாவின் மேடைப்பெயரை நான் ஏற்கிறேன். இனி நான் ஐந்தாம் கின்ஷிரோ. கபுகி நடிகனின் மனைவி அரங்க வாசலில் நின்று புரவலர்களைக் குனிந்து வரவேற்காவிட்டால் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியும். இப்போது என்னோடு இருக்கும் ரெய்னாவுக்குத் தொலைக்காட்சியில் வானிலை சொல்லத்தான் வரும். யார் எந்தக் கம்பெனி முதலாளி என்று தெரியாது. அந்த ஒரு மாதம் மட்டும் வந்து நில். முடிந்ததும் நீ கேட்ட விவாகரத்துத் தாளில் முத்திரை வைத்துவிடுகிறேன். வெளிர்நீலக் கிமோனோவைக் கொண்டு வா, புகைப்படத்தில் எடுப்பாக இருக்கும்.

ஹிதேனோரி


கனசாவா
அக்டோபர் 26

மதிப்புக்குரிய ஹிதேனோரிக்கு,

அம்மா நலம். நீங்கள் விசாரித்ததாகச் சொன்னேன். "யாரு, பீர் விளம்பரத்துல ஒட்டு மீசையோட வர்றவனா?" என்று கேட்டாள்.

வாசலில் நிற்க வரமாட்டேன். குனிந்து குனிந்து என் முதுகுக்கு அலுத்துவிட்டது. ரெய்னாவையே நிறுத்துங்கள். குடை எடுக்கலாமா வேண்டாமா என்றாவது வருகிறவர்களுக்குச் சொல்வாள்.

பழகிய தோஷம், ஒன்று சொல்லிவைக்கிறேன். மூன்றாம் மாடியின் மலிவு இருக்கைகளில் முடிதிருத்தும் குவாபாராவும் அவர் கூட்டாளிகளும் இருப்பார்கள். நீங்கள் கண்ணை உருட்டிச் சிலையாய் நிற்கும் கணத்தில் 'சுமகோயா!' என்று உங்கள் நடிகர் குடும்பத்தின் பெயரைப் பாராட்டாகக் கூவுவது அவர்கள்தான். முதல் நாள் நீங்களே படியேறிப் போய்த் தலை வணங்குங்கள். எதையும் கொடுத்தனுப்பாதீர்கள். எங்கே கூவ வேண்டும் என்று மறந்தும் சொல்லாதீர்கள். அந்தக் குரல் விற்பனைக்கு இல்லை.

சயோகோ


டோக்கியோ
ஜனவரி 4

சயோகோவுக்கு,

அவர்களை என்ன செய்து வைத்திருக்கிறாய்?

நாடே அறிந்த முகம் என்னுடையது. முடிவெட்டுகிறவன் முன்னால் போய்த் தலைகுனிவதா? ரெய்னா மரியாதையாக அத்தனை பேருக்கும் விலாங்குமீன் சாப்பாட்டுப் பெட்டி அனுப்பினாள். எந்தெந்த இடத்தில் கூவ வேண்டும் என்று அழகாக அச்சடித்த அட்டையும் கூடவே. இதில் என்ன தவறு?

நான் சிலையாய் நிற்கும் கணத்துக்கு மரக்கட்டை தட்டினார்கள். கையை விரித்து, கண்ணை மாறுகண்ணாக்கி நின்றேன். மேலே சத்தமே இல்லை. யாரோ இருமினார்கள். நேற்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். சீடனை அனுப்பிக் கேட்டால் குவாபாரா சொல்கிறான்: "மீன் ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி. வாய் நிறையச் சோறு. எப்படிக் கத்துறது?"

இது உன் வேலைதானே?

ஐந்தாம் கின்ஷிரோ


கனசாவா
ஜனவரி 8

இல்லை. உங்களை இவ்வளவு திறமையாக அவமானப்படுத்த எனக்குத் தெரியாது. அது உங்கள் கைவேலை.

சயோகோ


டோக்கியோ
ஜனவரி 20

என் அன்பு சயோகோ,

கோபித்துக்கொள்ளாதே. நேற்று ரெய்னா தன் ரசிகர் மன்றப் பிள்ளைகளைக் கூட்டிவந்து மேலே உட்காரவைத்தாள். கையில் மின்னும் குச்சிகள் வேறு. நாடகத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கும் அப்பாவிடம் மகன் விடைபெறும் இடத்தில், "கின்ஷிரோ சூப்பர்!" என்று கத்தினார்கள். சாகவேண்டியவரே சிரித்துவிட்டார்.

முத்திரை வைத்த தாள் இதோடு இருக்கிறது. நிபந்தனை எதுவும் இல்லை. இருபத்தாறாம் தேதி கடைசி நாள். அன்று மட்டும் வா. உன் முகத்தைப் பார்த்தால் அவர்கள் இறங்கி வருவார்கள். ஒரு கூவல்கூட இல்லாமல் இந்த மாதம் முடிந்தால், அப்பாவின் பெயர் என்னிடம் வந்து செத்தது என்றுதான் சொல்வார்கள்.

ஹிதேனோரி


கனசாவா
ஜனவரி 28

ஐந்தாம் கின்ஷிரோ அவர்களுக்கு,

தாளை நேற்று நகராட்சியில் கொடுத்தேன். அப்பா வீட்டுப் பெயர் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. நன்றி.

கடைசி நாளுக்கு வந்தேன். வாசலுக்கு அல்ல, சீட்டு வாங்கி மூன்றாம் மாடிக்கு. குவாபாரா பக்கத்து இருக்கையைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார். உங்கள் கட்டம் நெருங்கும்போது, "அம்மா, நீங்க சொன்னா ஒரு தடவை கூப்பிட்டுடறேன். அவருக்காக இல்ல, உங்களுக்காக" என்றார்.

கூப்பிடச் சொல்லத்தான் வந்திருந்தேன். உங்கள் அப்பா நல்ல மனிதர். கட்டை ஒலித்தது. கண்ணை உருட்டுவதற்கு முன் நீங்கள் நிமிர்ந்து மூன்றாம் மாடியைப் பார்த்தீர்கள், ஈ ஓட்டும் கடைக்காரன் தெருவைப் பார்ப்பதைப் போல. "வேண்டாம்" என்றேன்.

பிறகு இரண்டு பேர் உள்ளே நின்று சுமக்கும் பொய்க்குதிரையேறிப் பார்வையாளர் நடுவிலுள்ள நடைமேடையில் போனீர்கள். குதிரைத் தோலுக்குள் பின்னங்காலாக வளைந்து உங்களைச் சுமந்தவர் கென்சுகே. அப்படி ஒருவர் உங்கள் குழுவில் இருக்கிறார். பீர் விளம்பரத்துக்குப் பிறகு நீங்கள் நன்றாகக் கனத்துவிட்டீர்கள். ஆனாலும் குதிரை ஓரடி தடுமாறவில்லை.

"அவருக்குக் கூப்பிடுங்க" என்றேன்.

"பின்னங்கால்!"

குவாபாராவின் குரல் கூரையில் போய் இடித்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது.

குதிரை மேலிருந்து நீங்கள் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டீர்கள்.

முரயாமா சயோகோ