நிலைப்படிக்குக் கெட்ட பெயர்

சீவலப்பேரி
12.7.1994

அன்புள்ள மைனிக்கு,

கோமு வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தம்பியைச் சாமியாடி ஆக்கிவிட்டேன். கையில் துடைப்பம் இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

போன மாதம் ஒருநாள் ரசத்தில் உப்பில்லை. என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். இருபது வருஷக் கச்சேரிதானே. இவரோ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். பொங்கலிலிருந்தே இப்படித்தான். என்மேல் ஒரு விரல் பட்டதில்லை, எல்லாம் தன்மேல்தான். அடங்கியதும் பிள்ளைபோல் அழுவார். ‘நிலைப்படி இடித்துவிட்டது’ என்று நான் ஊருக்குச் சொல்லிச் சொல்லி, எங்கள் நிலைப்படிக்கே கெட்ட பெயர்.

அன்றைக்குச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் ஓடிவந்துவிட்டாள். இவர் நெற்றியில் ரத்தம்.

“என்னக்கா இது?”

வெட்கத்தில் என் வாய், “சாமி வந்திருக்கு” என்றது.

அவள் தடாலென்று இவர் காலில் விழுந்து, “எம் மவளுக்கு எப்பம் கல்யாணம் கூடும், சாமி?” என்றாள்.

“எல்லாரும் வெளிய போங்க!” என்று இவர் கத்தினார். மகள் வெளியூருக்கு வாக்கப்படுவாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இப்போது வெள்ளிக்கிழமை ஆனால் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நாலு பேர்.

எனக்குப் பயமாக இருக்கிறது மைனி.

உங்கள்
கோமு

களக்காடு
17.7.1994

கோமுவுக்கு,

சிரித்தேன். பிறகு அழுதேன். எங்கள் அப்பாவும் இப்படித்தான். ஊருக்கு மறைத்து மறைத்தே எங்கள் அம்மை கிழவியானாள். நீயும் அப்படி ஆகாதே.

இது சாமியும் இல்லை, பேயும் இல்லை. பாளையங்கோட்டையில் மனநல டாக்டர் இருக்கிறார். தம்பி லிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போ. தனியாக உள்ளே விடாதே. தலைவலி என்று சொல்லி மாத்திரையோடு திரும்பிவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து நீ உள்ளதைச் சொல்லு.

உலகம்மை

சீவலப்பேரி
4.8.1994

அன்புள்ள மைனிக்கு,

செவ்வாய்க்கிழமை போய்வந்தோம்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பேச்சித்தாய் பழத்தோடு வந்து நின்றாள். இவரே வாசலுக்குப் போனார். “இந்தா பேச்சி, இது சாமி இல்ல. கோவம் வந்தா எனக்கு அடக்கத் தெரியல. என்னையே அடிச்சுக்கிடுதேன். வைத்தியம் பாக்கப் போறேன்.”

“அப்பம் எம் மவ கல்யாணம்?”

“அத மாப்பிள்ளை வீட்டுல கேளு.”

நான் அடுக்களையில் மோர் கடைந்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே கடைந்த மோர்தான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒரு வார்த்தை அதட்டவில்லை. கோபம் ஏறும்போதே இவர் எழுந்து நடக்க வேண்டுமாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்து, அடங்கியபிறகு பேச வேண்டுமாம். மறுபடி முட்டிக்கொண்டால் மறைக்காமல் உடனே கூட்டிவர வேண்டுமாம். மாத்திரை கொடுத்து, வாராவாரம் வந்து பேசச் சொல்லியிருக்கிறார்.

நேற்று வத்தக்குழம்பு தீய்ந்துவிட்டது. இவர் எழுந்தார், நான் சுவரைப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டார். ஈரக்காலோடு திரும்பி வந்து, “சோத்தப் போடு” என்றார்.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். டாக்டர் அறைக்குள் நான் போகவில்லை, மைனி. வெளியே நம் ஊர்க்காரர் ஒருவர் தென்பட்டார். எதிரே பஸ் நிறுத்தத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் சொன்னதெல்லாம் இவர் வந்து சொன்னதுதான். “வீட்டம்மா வரலையா?” என்று கேட்டாராம். எனக்குக் காய்ச்சல் என்று இவர் சொல்லிவிட்டாராம்.

கோமு